அத்தியாயம் 9: மைனர் கார்டுக்கு மேலே ரி, ம, த

கோவையில் கீபோர்டு கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு சாரார் டிரினிட்டி கிரேடு தேர்வுக்குத் தயாராகிறவர்கள். ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் பார்த்துப் பிசகாமல் வாசிப்பார்கள். மற்றொரு சாரார் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடிவிட்டுக் கீபோர்டுக்கு வந்தவர்கள், அல்லது சர்ச் கொயரிலும் நோம்பிக் கச்சேரியிலும் காதால் கேட்டே பழகியவர்கள். மைனர் 9, மைனர் 11, மைனர் 13 என்று தாளில் கண்டதும் இரு சாராரும் ஒன்றுபோல் தயங்குகிறார்கள். எண்ணைப் பார்த்துப் பயம். இத்தனை சுரத்துக்கு விரல் எங்கே என்று கவலை.

பயப்பட ஒன்றுமில்லை. கரகரப்ரியாவின் ஆரோகணம் பாடத் தெரிந்தவருக்கு இந்தக் கார்டுகளின் அத்தனை சுரங்களும் ஏற்கெனவே தெரியும். எந்தச் சுரத்தைப் பாட்டு ஏற்கும், எந்தச் சுரத்தை நாம் வாசிக்காமல் விடலாம் என்ற இரண்டு கேள்விகள்தான் மிச்சம். இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டையும் பற்றியதுதான்.

ஏழு சுரமும் ஒரே கார்டில்

டி-யில் தொடங்கி அடுத்த டி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள்: டி, இ, எஃப், ஜி, ஏ, பி, சி. இரண்டு கட்டைச் சுருதியில் கரகரப்ரியா இதுதான். சட்ஜம் டி, சதுஸ்ருதி ரிஷபம் இ, சாதாரண காந்தாரம் எஃப், சுத்த மத்யமம் ஜி, பஞ்சமம் ஏ, சதுஸ்ருதி தைவதம் பி, கைசிகி நிஷாதம் சி. மேளகர்த்தா வரிசையில் 22-ஆவது ராகம். தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’ இதில் அமைந்தது. மேற்கத்திய இசையில் இதே வரிசைக்கு டோரியன் என்று பெயர்.

இப்போது ஒன்று விட்டு ஒன்றாக எடுங்கள். ச, க, ப: டி, எஃப், ஏ. இது டி மைனர். அதன்மேல் நி, அதாவது சி, சேர்ந்தால் டி மைனர் 7. அதற்கும் மேலே போனால் மேல் ஸ்தாயியின் ரி, அதாவது இ, வரும். அது மைனர் 9. மேல் ஸ்தாயியின் ம, அதாவது ஜி, சேர்ந்தால் மைனர் 11. மேல் ஸ்தாயியின் த, அதாவது பி, சேர்ந்தால் மைனர் 13. அத்துடன் ஏழு சுரங்களும் தீர்ந்துவிடுகின்றன. 13-க்கு மேல் கார்டு எண் இல்லாததற்குக் காரணமும் இதுவே. 15 என்று எண்ணினால் மறுபடி சட்ஜத்தில்தான் வந்து நிற்போம்.

எண் எப்படி வந்தது என்பதும் எளிது. ஸ்கேலில் ரி இரண்டாவது சுரம். ஒரு ஸ்தாயி ஏற்றினால் ஏழு கூடி 9 ஆகிறது. ம 4, ஏறினால் 11. த 6, ஏறினால் 13.

ஒரு வேறுபாட்டை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ‘டி மைனர் 9’ என்று எழுதியிருந்தால் நிஷாதம் கட்டாயம் உண்டு. ‘டி மைனர் ஆட் 9’ என்றால் நிஷாதம் கிடையாது. டி, எஃப், ஏ, இ மட்டும்தான். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் கேளுங்கள். முதலாவதில் கனம் இருக்கும், எங்கேயோ நகரக் காத்திருப்பதுபோல் இருக்கும். இரண்டாவது தெளிவாக, தனியாக நிற்கும். கார்டுத் தாள் பார்த்து வாசிக்கிறவர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள்.

எந்த ரி, எந்த த?

இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. மைனர் கார்டைக் கண்டால் போதும், மேலே 9-ஐ ஒட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒட்டும்போது சில இடத்தில் இனிக்கிறது, சில இடத்தில் முகம் சுளிக்க வைக்கிறது. அதற்கு நம் சங்கீதத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது: கிரகபேதம்.

சங்கராபரணத்தை, அதாவது மேஜர் ஸ்கேலை, ஒரு கட்டைச் சுருதியில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டைகள் மட்டும். அதில் மூன்று மைனர் கார்டுகள் கிடைக்கும்: டி மைனர், இ மைனர், ஏ மைனர். மூன்றும் மூன்று விதமானவை. ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டால் வருவது கரகரப்ரியா. காந்தாரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் தோடி. தைவதத்தைச் சட்ஜமாகக் கொண்டால் நடபைரவி.

டி மைனருக்குக் கரகரப்ரியா அமைவதால் 9, 11, 13 மூன்றையும் அது ஏற்கும். ஏ மைனருக்கு நடபைரவி. அங்கே ரி சதுஸ்ருதி ரிஷபம்தான், பி. எனவே 9 நன்றாக இருக்கும். ம-வும் சரி, டி. 11 நன்றாக இருக்கும். தைவதம் மட்டும் சுத்த தைவதம், எஃப். கார்டில் ஏற்கெனவே பஞ்சமம் இ இருக்கிறது. அதற்கு மேலே அரைச் சுரம் தள்ளி, ஒரு ஸ்தாயி உயரத்தில், இந்த எஃப் வந்து உட்கார்ந்தால் இரண்டும் உரசும். ஆகவே நடபைரவி மைனரில் 13-ஐத் தொடாதீர்கள். எஃப் ஷார்ப்பை வாசித்தால் கார்டு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டு நடபைரவியை விட்டுக் கரகரப்ரியாவுக்குத் தாவிவிடும். பாடுகிறவர் சுத்த தைவதத்தைத் தொடும் நேரத்தில் அது அப்பட்டமான அபசுரம்.

இ மைனருக்குத் தோடி. ரி, த இரண்டும் சுத்தம்: எஃப், சி. இங்கே 9-ஐச் சேர்த்தால் சட்ஜத்தோடு உரசும். 13-ஐச் சேர்த்தால் பஞ்சமத்தோடு உரசும். மைனர் 7-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கனம் வேண்டுமானால் 9-ஐ விட்டுவிட்டு 11-ஐ மட்டும் சேர்க்கலாம்: இ, ஜி, பி, டி, ஏ.

11-ஐ மூன்று இடத்திலும் அனுமதித்ததைக் கவனியுங்கள். மைனரில் காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஒரு முழுச் சுரம் இடைவெளி இருப்பதால் உரசல் இல்லை. மேஜர் கார்டில் அந்த இடைவெளி அரைச் சுரம்தான். அதனால்தான் மேஜரில் 11 சங்கடம் தருகிறது. 11 மைனருக்கென்றே அமைந்த அலங்காரம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ராகத்தில் சுரம் குறைந்தால் கார்டிலும் குறையும். சுத்த தன்யாசியில் ச, க, ம, ப, நி ஐந்தே சுரங்கள். இரண்டு கட்டையில் டி, எஃப், ஜி, ஏ, சி. இந்த ஐந்தையும் சேர்த்து அழுத்தினால் 9 இல்லாத மைனர் 11 கிடைக்கிறது. முத்தையா பாகவதரின் ‘ஹிமகிரி தனயே’ போன்ற கீர்த்தனைக்கு யாராவது கீபோர்டு துணை கேட்டால் ரி கலந்த 9-ஐ வாசிக்காதீர்கள். ராகத்தில் இல்லாத சுரம் அது. சினிமாப் பாட்டில் இந்தக் கண்டிப்பு கிடையாது. இசையமைப்பாளர் ராகத்துக்கு வெளியிலிருந்தும் கார்டை எடுப்பார். அங்கே காதுதான் சாட்சி. ஒலிப்பதிவில் ரி கேட்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கர்நாடக ராகத்துக்குள் மேற்கத்திய இசையின் பல குரல்கள் எப்படி நடமாடும் என்று கேட்டுப் பழக, தியாகராஜரையும் பாக்கையும் ஒருசேர வணங்கி இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். ஒரே தடவை கேட்டால் போதாது. பேஸ் போகும் வழியை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

எதை விடுவது

டி மைனர் 11-இல் ஆறு சுரங்கள். ஆறையும் அப்படியே அடுக்கி வாசித்தால் கூட்டமாகத்தான் கேட்கும். முதலில் விட வேண்டியது பஞ்சமம். கார்டு மைனரா மேஜரா என்று அது சொல்வதில்லை, புதிதாக எந்த நிறத்தையும் தருவதும் இல்லை. குழுவில் பேஸ் கிட்டார் இருந்தால் சட்ஜத்தையும் விட்டுவிடுங்கள். அதை அவர் வாசிக்கிறார். காந்தாரமும் நிஷாதமும் கார்டின் உயிர். அவற்றை வைத்துக்கொண்டு, விரும்பிய ரி, ம, த-வைச் சேருங்கள்.

இனி கைக்கு வருவோம். டி மைனர் 9-இல் சட்ஜத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்: எஃப், ஏ, சி, இ. இது எஃப் மேஜர் 7. அப்படியானால் எந்த மைனர் 9-ஐயும் இப்படி நினைவில் வைக்கலாம்: இடக்கையில் சட்ஜம், வலக்கையில் காந்தாரத்தில் தொடங்கும் மேஜர் 7. இடக்கை டி, ஏ. வலக்கை எஃப், ஏ, சி, இ. வலக்கையில் 1, 2, 3, 5 விரல்கள். மைனர் 11-க்கு வேறொரு சுருக்கம்: இடக்கையில் டி மைனர், வலக்கையில் நிஷாதத்தில் தொடங்கும் மேஜர், அதாவது சி, இ, ஜி.

இடக்கையை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யையும் தாண்டிக் கீழே போனால், நெருக்கமான சுரங்கள் கலங்கிய ஒலியாகிவிடும். 61 கட்டைக் கீபோர்டில் கடைசி சி நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே இருக்கிறது; அந்தப் பகுதியில் டி, எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தாதீர்கள். தனிச் சுரம், அல்லது ச-ப, அல்லது ச-நி. அதற்கு மேல் வேண்டாம். கீபோர்டின் தானியங்கித் தாளத்தையும் நிறுத்திவிடுங்கள். நீங்கள் இடக்கையில் மைனர் 9 பிடித்தாலும், சுரங்களை எந்த உயரத்தில் எப்படிப் பரப்புவது என்பதை அந்தக் கருவியே தீர்மானித்துவிடுகிறது. பயிற்சியின் நோக்கமே அதை நீங்கள் தீர்மானிப்பதுதான்.

இந்த ஒரு பயிற்சியை விரல் பழகும்வரை செய்யுங்கள். இடக்கையில் டி, வலக்கையில் எஃப், ஏ, சி, இ. அடுத்து இடக்கை ஜி-க்குப் போகட்டும்; வலக்கையில் சி மட்டும் பி-க்கு இறங்கட்டும்: எஃப், ஏ, பி, இ. அது ஜி 13. பிறகு இடக்கை சி. வலக்கை இ, ஜி, பி, டி. அது சி மேஜர் 9. வலக்கை ஏறக்குறைய நகரவே இல்லை. நகராத கையிலிருந்துதான் மெல்லிசையின் வழவழப்பு வருகிறது. கார்டுக்குக் கார்டு தாவுகிறவர் எத்தனை கடினமான கார்டு வாசித்தாலும் அது கிடைக்காது.

வலக்கை மட்டும்

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வரலாறும் உண்டு. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவும் புலியகுளம் பட்சிராஜா ஸ்டுடியோவும் இயங்கிய காலத்தில் தமிழ்த் திரையிசையின் ஒரு பகுதி கோவையில்தான் உருவானது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த படம். ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜா ஸ்டுடியோ தயாரிப்பு. இரண்டுக்கும் இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. சென்ட்ரல் ஸ்டுடியோவில் அவருக்குக் கீழே எடுபிடிச் சிறுவனாக இருந்த எம்.எஸ். விசுவநாதன், பிற்பாடு மெல்லிசை மன்னர் ஆனார். அவருடைய கருவி ஆர்மோனியம்.

ஆர்மோனியத்தில் இடக்கை துருத்தியைப் போடுகிறது. வாசிப்பது வலக்கை ஒன்றுதான். ஆர்மோனியத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் குறையாக எண்ண வேண்டாம். விரிந்த மைனருக்கு இது நல்ல தொடக்கம். எஃப், ஏ, சி, இ என்ற நான்கு சுரத்தை வலக்கையில் பிடியுங்கள். பிறகு அதையே திருப்பி சி, இ, எஃப், ஏ என்று பிடியுங்கள். இ-யும் எஃப்-உம் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் இரண்டாவது வடிவத்தில் மெல்லிய உரசல் கேட்கும். அந்த உரசல்தான் மைனர் 9-இன் அழகு. அதைத் தப்பு என்று நினைத்து விரலை எடுத்துவிடாதீர்கள்.

11: நான்காம் சுரங்களின் அடுக்கு

மைனர் 11-ஐ மூன்றாம் சுரங்களாக அடுக்குவதைவிட நான்காம் சுரங்களாக அடுக்கினால் நன்றாக விரியும். டி, ஜி, சி, எஃப், ஏ. கீழிருந்து மூன்று இடைவெளிகள் ச-ம இடைவெளி. கடைசி மட்டும் எஃப்-ஏ. 1959-இல் வெளியான மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டின் முதல் உருப்படி ‘ஸோ வாட்’. அதில் பியானோ வாசித்த பில் எவன்ஸ் இந்த அடுக்கை முதலில் இ-யில் வைத்து (இ, ஏ, டி, ஜி, பி), அப்படியே ஒரு சுரம் இறக்கி டி-யில் வைக்கிறார். ஜாஸ் படிக்கிறவர்கள் உலகெங்கும் அந்த உருப்படியின் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். பாட்டின் அமைப்பும் நமக்கு அந்நியமானதல்ல: டி-யில் கரகரப்ரியாவின் சுரங்கள் 16 பார், அரைச் சுரம் ஏற்றி 8 பார், மறுபடி டி-யில் 8 பார்.

இந்த அடுக்கில் இன்னொரு வசதி இருக்கிறது. கரகரப்ரியாவின் காந்தாரம் அசையும் சுரம். பாடுகிறவர் அதில் கமகம் கொடுப்பார். பியானோவால் அசைக்க முடியாது. அவர் ரி-க்கும் ம-வுக்கும் நடுவே அசைத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் எஃப்-ஐ உரக்கப் பிடித்து வைத்தால் பாட்டுக்கு இடைஞ்சல். அந்த இடத்தில் டி, ஜி, சி மூன்று மட்டும் பிடியுங்கள். காந்தாரத்தை அவர் பாடட்டும்.

இரண்டு கையும் விரிய வாசிக்க விரும்பினால் கென்னி பேரன் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரின் பெயரால் வழங்கும் அமைப்பை முயலுங்கள்: இடக்கை டி, ஏ, இ; வலக்கை எஃப், சி, ஜி. இரு கையிலும் ச-ப இடைவெளிகள் மட்டும். இடக்கை ஒரு ஸ்தாயிக்கும் மேலே எட்ட வேண்டும். சின்னக் கை உள்ள பிள்ளைகளை இதற்காக வற்புறுத்த வேண்டாம்; டி-யை முதலில் அழுத்தி, சஸ்டெய்ன் பெடலால் பிடித்துக்கொண்டு, ஏ, இ-யை அடுத்து வாசிக்கலாம். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

13-உம் கீரவாணியும்

13-ஐ அளவோடு பயன்படுத்துங்கள். டி மைனர் 13-இல் எஃப்-உம் பி-யும் சேர்ந்து ஒலிக்கும். இதே இரண்டு சுரங்கள்தான் ஜி 7-இன் அடையாளம். டி மைனரிலிருந்து ஜி 7-க்குப் போகும் பாட்டில், டி மைனரிலேயே பி-யை வாசித்துவிட்டால் ஜி 7 வரும்போது புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரே மைனர் கார்டில் நீண்ட நேரம் நிற்கும் பாட்டில் 13 அழகு. அதற்குச் சிறிய அமைப்பு: இடக்கை டி, சி, வலக்கை எஃப், பி, இ.

நிஷாதம் காகலி நிஷாதமாக இருக்கும் மைனர் வேறு குடும்பம். கீரவாணியிலும் கௌரிமனோகரியிலும் ச, க, ப, நி எடுத்தால் டி, எஃப், ஏ, சி ஷார்ப்: மைனர் மேஜர் 7. தனியாக நீண்ட நேரம் நிற்கும்போது அது அச்சமூட்டும். கடந்து போகும்போது அழகு. டி, சி ஷார்ப், சி, பி என்று ஒரு விரல் மட்டும் இறங்க, எஃப், ஏ அசையாமல் இருக்கட்டும்: டி மைனர், மைனர் மேஜர் 7, மைனர் 7, மைனர் 6. சோகப் பாட்டுகளின் இடையிசையில் இந்த இறக்கத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள்.

மற்றக் கட்டைகளில்

டிரான்ஸ்போஸ் பொத்தானை நம்பி டி-யிலேயே தங்கிவிடாதீர்கள். மேடையில் பாடகர் ஐந்து கட்டை என்பார், அடுத்தவர் ஒன்றரை என்பார். அன்றாடம் தேவைப்படும் மைனர் 9-கள் இவை. ஒரு கட்டை: சி, இ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட், டி. ஒன்றரை: சி ஷார்ப், இ, ஜி ஷார்ப், பி, டி ஷார்ப். மூன்று: இ, ஜி, பி, டி, எஃப் ஷார்ப். நான்கு: எஃப், ஏ ஃபிளாட், சி, இ ஃபிளாட், ஜி. ஐந்து: ஜி, பி ஃபிளாட், டி, எஃப், ஏ. ஆறு: ஏ, சி, இ, ஜி, பி. ஒவ்வொன்றையும் வாசிக்கும் முன் ச, க, ப, நி, மேல் ரி என்று வாய்விட்டுப் பாடுங்கள். பாடிவிட்டு வாசித்த கார்டு சுருதி மாறினாலும் மறக்காது.

குழுவில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசியில் கோனியம்மன் தேர் வந்தால் இங்கே கச்சேரிகள் நெருக்கியடிக்கும். ஒத்திகைக்கு நேரம் கிடைக்காது. அதற்கு முன்பே பேஸ் கிட்டார் வாசிப்பவரோடு ஒரு மாலை உட்காருங்கள். அவர் டி-யைப் பிடிக்க, நீங்கள் எஃப், ஏ, சி, இ மட்டும் வாசித்துக் கேளுங்கள். பிறகு அவர் ஜி-க்கு நகரும்போது நீங்கள் சி-யைப் பி-க்கு இறக்குங்கள். யார் எந்தச் சுரத்தை வாசிப்பது, யார் எதை விடுவது என்று அங்கேயே பேசி முடிவு செய்து, கார்டுத் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.